கூதல்பாறையில் அறுபத்து நாலு பேர்

அறுபத்து நாலு என்றுதான் அய்யாத்துரை அண்ணாச்சி சொன்னார். பிரேமலதா அந்தப் பதிவை மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள். மூன்று முறையும் அதே கரகரத்த குரல், அதே இருமல், பின்னால் இலைகளின் மேல் அடிக்கிற அதே மழை. இந்த மழைக்கு மலையில் அறுபத்து நாலு பேர், ரோடு சாத்தியாயிற்று, எல்லாரும் சுகம் என்றார்.

அறுபத்து மூன்று என்று இருந்திருக்க வேண்டும். பெயர்களை வாசித்ததே அவள்தான். தாராவியில் ஒரு தோல்பை கார்கானாவில் பதினோரு வருடமாகச் செக்கர் வேலை பார்க்கிறவள். தைத்து வரும் பைகளை டஜன் டஜனாக எண்ணிக் கட்டி அனுப்பிப் பழகிய கை. எண்ணிக்கை விஷயத்தில் முதலாளியே அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்.

கூதல்பாறை, தென்காசிக்கு மேற்கே மலைமேல் பதினெட்டு வளைவு தாண்டி இருக்கிற சின்ன ஊர். அங்கிருந்து இறங்கிப் பிழைக்க வந்தவர்கள் தாராவி, கல்யாண், ஐரோலி என்று சிதறிக் கிடந்தார்கள். பிரேமலதாவின் சந்தில் மட்டும் ஒன்பது வீடு. எல்லாருக்குமாக வாட்ஸாப்பில் ஒரு குரூப் உண்டு. மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஊரின் எல்லைக்கல். ஊருக்கு ஒரே கடைக்காரரான அய்யாத்துரை வாரம் ஒருமுறை அங்கே போய் நின்று, மிளகு எவ்வளவு காய்ந்தது, யாருக்குக் குழந்தை பிறந்தது, யானை யார் தோட்டத்தில் இறங்கியது, பஸ் எத்தனை மணிக்கு என்று பேசி அனுப்புவார். பிரேமலதா அதை ஒழுங்காக எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தன் குரலில் வாசித்துப் போடுவாள். பம்பாயில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழைக் காதால் கேட்டால்தான் உண்டு. நல்ல குரல் அவளுக்கு. சந்தில் அவளை ரேடியோக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

மழைக்காலம் தொடங்கி ரோடு அடைபடுவதற்கு முன்னால் கூதல்பாறையில் தலை எண்ணுவார்கள். மழைக்கு மலையில் தங்கப்போகிற எல்லாரும் எல்லைக்கல் முன்னால் கூடுவார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மலையில் இல்லாதவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. வயிற்றுப் பிள்ளையைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஒரு வருடம் வாய் தவறி, கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே நாலு பேர் கொட்டுகிற மழையில் இறங்கிப் போய் அவளைக் கூட்டிவந்து, ரோடு திறக்கும் வரை மலையிலேயே வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்ன எண் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருடம் அய்யாத்துரைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெயர்ப் பட்டியலை அனுப்பி, நீ வாசித்துக் கொடு, கோயில் ஸ்பீக்கரைக் கல்லடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்று கேட்டார். பிரேமலதா தலைகால் புரியாமல் மகிழ்ந்து போனாள். மலையை விட்டு இறங்கி இருபது வருடம் ஆகியும் தன் குரல் அந்தக் கல்லின் முன் ஒலிக்கப்போகிறதே என்று உட்கார்ந்து வாசித்தாள், ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டு. அறுபத்து மூன்றும் முடிந்தபோது, பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மேரா நாம் கியூன் நஹி, என் பேர் மட்டும் ஏன் இல்லை என்று ஒரே அடம். மலையை ஒருநாளும் பார்க்காத பிள்ளை. பாவமாக இருந்தது. பிரேமலதா சிரித்துக்கொண்டே, அதே குரலில், "கோகிலவாணி" என்றாள்.

"இருக்கேன்!" என்று வாணி கத்தினாள்.

அதை வெட்டி எடுக்க அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பெயர் விளையாட்டுக்கு, விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று கீழே எழுதி அனுப்பினாள். பதிவு போய்ச் சேர்ந்து இரண்டு டிக் விழுந்தது. எழுதியதற்கு ஒரு டிக்தான் விழுந்தது. இன்றைக்கும் ஒன்றுதான் இருந்தது.

ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறந்தது. நாலாம் நாள் ராஹில் டீச்சர் போன் செய்து, வாணி ஊரிலிருந்து எப்போது வருகிறாள் என்று விசாரித்தார். பிரேமலதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் காலையில் கேட் வரை கொண்டுபோய் விடுகிறவள் அவள். வாணியைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்.

"நா பிரசன்ட் சொன்னேன்மா," என்றாள் வாணி. "டீச்சர் நே சுனா ஹி நஹி."

டீச்சர் காதில் விழவில்லையாம். மறுநாள் கார்கானாவுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வகுப்பு வாசலில் ஓரமாக நின்று பார்த்தாள். ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் வாணி. டீச்சர் பெயரைப் படித்தார். வாணி எழுந்து நின்று, பக்கத்து வகுப்புக்கே கேட்கிற மாதிரி "பிரசன்ட்" என்றாள். டீச்சர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். பிறகு இல்லை என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாணி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாக உட்கார்ந்தாள்.

அதோ இருக்கிறாளே என்று பிரேமலதா உள்ளே போய்க் காட்டினாள். டீச்சரின் பார்வை அந்தப் பெஞ்சின் மேல் நகர்ந்தது, வாணியைத் தாண்டியது, திரும்பி வந்தது, தெரியாத எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவர் போலத் திக்கி நின்றது. அட, வந்துவிட்டாளா என்று சிரித்தபடி திருத்திப் போட்டார். நல்ல மனுஷி, வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. மறுநாளும் இல்லை என்றுதான் விழுந்தது.

தலை எண்ணியதற்குப் பிறகு இரண்டாவது ஞாயிறு மலையிலிருந்து செய்தி வந்தது. பதினோராவது வளைவில் மண் சரிந்து கிடக்கிறது. பலாப்பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துவிட்டது. பகலிலேயே மூடுபனி வாசல் வரை வருகிறது, பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரிவதில்லை. பிரேமலதா பேனாவும் நோட்டுமாக ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள்.

"அட்டை இந்த வருசம் சாஸ்தி," என்றது அய்யாத்துரையின் குரல். "கோகிலவாணிக்குக் கணுக்கால்ல கடிச்சிட்டு. சுண்ணாம்பு தடவியாச்சு. பிள்ள அழல."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

வாணி எதிரே தரையில் குப்புறப் படுத்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேமலதா மெதுவாக நகர்ந்து போய் பாவாடை விளிம்பை விலக்கினாள். இடது கணுக்காலில் ஒரு சின்னச் சிவப்புக் கடி. அதன்மேல் வட்டமாக, காய்ந்து வெடித்த சுண்ணாம்பு. அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை, சுண்ணாம்பு என்று ஒன்று அங்கே இருந்ததே கிடையாது. யார் தடவியது என்று கேட்டாள். வாணி காலைப் பார்த்தாள், தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். அவள் தலைமுடியில் முகம் புதைத்தபோது தேங்காயெண்ணெய் வாடை வரவில்லை. நனைந்த பாறையில் பாசி பிடித்திருக்கும் வாடை வந்தது, பிரேமலதா இருபது வருடமாக மறந்திருந்த வாடை.

அந்த வாரம் அவள் அட்டைக்கடியை விட்டுவிட்டு மீதியை வாசித்துப் போட்டாள். பயன் இல்லை. அடுத்த நாளே சந்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், பிள்ளையை ஊருக்கு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று, இங்கே என்ன இருக்கிறது, கொசுதான் என்று ஒருத்தி சொன்னாள். குடத்தைப் பிடித்தபடி வாணி பக்கத்தில்தான் நின்றாள்.

மூன்றாவது ஞாயிறு. மழை விடவில்லை. ஏலத்துக்கு அழுகல் வந்திருக்கிறது. கீழ ஓரத்து வீட்டில் கூரை ஒழுகி ஓலை மாற்றினார்கள். கோகிலவாணி கூதல் என்று சொன்னாள், கம்பளி கொடுத்திருக்கிறது. நன்றாகத் தூங்குகிறாள், அம்மாவைக் கேட்பதில்லை.

அம்மாவைக் கேட்பதில்லை என்ற இடத்தில் பிரேமலதா பேனாவைக் கீழே வைத்தாள். போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இருபது தடவை போட்டாள்.

கணவன் மாரிக்கண்ணன் ஐரோலியில் லிஃப்ட் பராமரிக்கிற வேலையில் இருந்தான். அவனிடம் சொன்னபோது, மலைக்காரர்களின் பைத்தியம் உனக்கும் பிடித்துவிட்டதா என்று கேலி செய்தான். கல்யாணில் பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அந்தக் கல் வெறும் கல். புதன்கிழமை சாயங்காலம் நனைந்துகொண்டு வந்தவன் கையில் வடாபாவ் பொட்டலம் இருந்தது. எப்போதும் மூன்று வாங்குவான். பிரித்தால் இரண்டு. ஆளுக்கு ஒன்றாக வைத்துவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தான். வாணி அவன் எதிரில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"இவளுக்கு எங்கங்க?"

"எவளுக்கு?" என்றான் மாரிக்கண்ணன். நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு ஆமாம், ஆமாம் என்று முணுமுணுத்து, தன்னுடையதைப் பிய்த்து நீட்டினான். அதற்குப் பிறகு அவன் கேலி செய்யவில்லை. ஆனால் மறுநாளே அதையும் மறந்துவிட்டிருந்தான்.

வியாழக்கிழமை பகலில், தையல் மெஷின்கள் இரைச்சலுக்கு நடுவே தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அய்யாத்துரை. கடைக்குச் சாமான் இல்லாமல் குறுக்குப் பாதையில் இறங்கி, காட்டிலாகா செக்போஸ்டிலிருந்து பேசுகிறாராம். பிரேமலதா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டித் தீர்த்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீதானம்மா வாசிச்ச. பிள்ளயும் வாய் தொறந்து இருக்கேன்னு சொல்லிட்டு. கல்லு கேட்டுட்டு."

"பிள்ள எங்கூட இங்க இருக்கு அண்ணாச்சி."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் இருமினார்.

"இங்கயும் இருக்கு தாயி," என்றார்.

அவர் குரலில் பொய் இல்லை, பயமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. பிள்ளையை மலைக்கே தூக்கி வந்துவிடுகிறேன் என்று அழுதாள். ரோடு சாத்திய பிறகு பம்பாய்ப் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஏற முடியுமா என்றார். ஒரே ஒரு வழி உண்டு என்றார். நாலாம் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மறுகூப்பாடு. முதலில் கூப்பிட்ட குரலே மறுபடியும் எல்லாரையும் கூப்பிட வேண்டும், ஆகவே அவள் பதிவைத்தான் போட்டாக வேண்டும். பிள்ளையின் பெயர் வந்ததும் நிறுத்திவிடுகிறேன், பிள்ளை பதில் சொன்ன இடம் வரை ஓட விடமாட்டேன் என்றார். "அப்ப பதில் வரலன்னா பேர அடிச்சிரலாம். வந்துட்டுன்னா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. எங்க இருந்து வந்தாலும் கல்லு கேக்கும்."

மறுகூப்பாட்டை நேரலையில் குரூப்பில் போடுவது இரண்டு வருடமாக வழக்கம். இந்த முறை வேண்டாம் என்று அவள் கெஞ்சுவதற்குள் போன் அறுந்துவிட்டது.

மூன்று நாள். வாணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, தானும் வேலைக்குப் போகவில்லை. அடுப்புக்கு மேலே சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டாள். நீ, நான், அப்பா என்று வாணிக்குக் காட்டினாள். வெள்ளிக்கிழமை மூன்று தட்டு வைத்தாள். சனிக்கிழமை மதியம் சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தால் சுவரில் மூன்று கோடு, கீழே இரண்டு தட்டு. மூலையில் பிள்ளை சுருண்டு உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரேமலதா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பால்பாயிண்ட் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் அழுத்தி எழுதினாள்: கோகிலவாணி, என் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மாரிக்கண்ணனுக்கு டியூட்டி. பிரேமலதா போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். அவர்கள் இருந்தது மாடி அறை, வெளியே செங்குத்தாக இரும்பு ஏணி. கதவைத் தாழ் போட்டு, ஜன்னலுக்குப் பழைய போர்வையைத் திணித்தாள். மூன்றரை மணிக்கு வானம் இருண்டு, தகரக் கூரையில் மழை இறங்கியது. கரண்ட் போனது. அந்த இருட்டில் பாசி வாடை கனத்து, மூச்சு முட்டும்படி ஏறியது.

மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தாள். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, அம்மா கையை எடுக்கும் வரை பேசக் கூடாது என்றாள். வாணி தலையாட்டினாள். பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. பிரேமலதா வலது கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

நாலு மணி.

முதலில் கீழ்வீட்டிலிருந்து வந்தது. பிறகு எதிர்வீட்டிலிருந்து. பிறகு சந்தில் இருந்த கூதல்பாறைக்காரர்கள் ஒன்பது வீட்டிலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக, போன்களில் அவள் குரல். நிதானமாக, அழகாக, ஒவ்வொரு பெயராக. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் மலைமழையின் இரைச்சலில் ஒரு குரல்.

"இருக்கேன்."

"இருக்கேன்."

அவள் எண்ணினாள். எண்ணத்தான் அவளுக்குத் தெரியும். ஒரு டஜன். கையை இறுக்கினாள். இரண்டு டஜன். மடியில் பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடித்தது. முப்பத்தாறு. உள்ளங்கையில் என்ன எழுதினோம் என்று நினைவு வைத்துக்கொள்ள, திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள். என் மகள், என் மகள். நாலு டஜன். என் மகள் பெயர். பெயர் நீளம். நாக்கு நுனியில் இருந்தது.

ஐந்து டஜன்.

இன்னும் மூன்று.

இருட்டு. மழை. மடியில் கனம். சில்லென்று ஒரு கனம். தன் கை யாருடைய வாய்மேலோ இருந்தது. சின்ன வாய். மூச்சு திணறுகிறது. விரல் நடுவே கண்ணீர் வழிகிறது.

ஐயையோ, யார் வீட்டுப் பிள்ளை இது.

பிரேமலதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரார் பிள்ளையை இப்படி வாயைப் பொத்தி அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, பெத்தவள் பார்த்தால் என்ன நினைப்பாள். சட்டென்று கையை எடுத்தாள். முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பயந்துட்டியாம்மா?" என்றாள் அன்பாக. "யாரு வீட்டுப் பிள்ள நீ?"

பிள்ளை அவளையே பார்த்தது. அம்மா என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கீழே ஒன்பது வீட்டிலிருந்தும் அந்த ரேடியோக்காரியின் குரல் கடைசிப் பெயரைச் சொன்னது.

"கோகிலவாணி."

"இருக்கேன்," என்றது பிள்ளை.

மடி லேசானது.

கரண்ட் வந்தபோது பிரேமலதா தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை மடியில் ஒரு திட்டு ஈரம், கையெல்லாம் சுண்ணாம்பு. கூரை ஒழுகுகிறது போலும் என்று அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே யாரோ சுவரில் கிறுக்கி வைத்திருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தாள், ஒரு கோடு மட்டும் போகவில்லை. இடது உள்ளங்கையில் நீல மை கரைந்து வழிந்திருந்தது. என்ன எழுத்து என்று விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். பேனா ஒழுகியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை, செய்தி வாசிக்க நேரமாகிவிட்டது. போனைத் தேடி அரிசி டப்பாவில் கண்டுபிடித்து, அணைந்து கிடந்ததை ஆன் செய்து, இதென்ன கூத்து என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அய்யாத்துரையின் பதிவு வந்து காத்திருந்தது. கேட்டு எழுதிக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை வாயருகே வைத்து, இருநூறு பேர் காத்திருக்கிற அந்தக் குரலில் தொடங்கினாள்.

"கூதல்பாறைச் செய்திகள். மறுகூப்பாடு நல்லபடியாக முடிந்தது. இந்த மழைக்கு மலையில் அறுபத்து நாலு பேர். எல்லோரும் சுகம். கீழ ஓரத்து வீட்டில் இருக்கும் சிறுபிள்ளை மட்டும் சாயங்காலத்திலிருந்து விடாமல் அழுகிறது. யார் பிள்ளை என்று தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும்."